ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்குக் காரில் இருவர்: கோடைப் பயண வழிகாட்டி

கொலராடோவில் இருக்கும் ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவின் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே விடாமல் திரும்பும் கார்களைக் கோடையில் நாள்தோறும் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் கையில் நுழைவுச் சீட்டு இருக்கும். நேர அனுமதி இருக்காது. இரண்டும் வெவ்வேறு என்பது அங்கே போனபிறகுதான் தெரியவரும். உள்ளே போனவர்களிலும் பலர் உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டையும் வீட்டில் இருந்தபடியே தவிர்த்துவிடலாம்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, முதல் மலைப் பயணம் போகும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறோம். டென்வருக்கு விமானத்தில் வந்து, அங்கே வாடகைக் கார் எடுத்து, நான்கு இரவு தங்கும் திட்டம் இது. சொந்தக் காரில் வருகிறவர்கள் கார் எடுக்கும் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

பூங்காவின் குறுக்கே போகும் ட்ரெயில் ரிட்ஜ் ரோடுதான் இந்தப் பயணத்தின் உயிர். பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் இந்தச் சாலை வழக்கமாக மே மாதக் கடைசியில், மெமோரியல் டே ஒட்டித் திறக்கும். திறந்த பிறகும் ஜூனில் பனி விழுந்தால் சில மணி நேரமோ ஒரு நாளோ அடைத்துவிடுவார்கள். ஜூன் முதல் பாதியில் ஏரிகளுக்குப் போகும் நடைபாதைகளில் பனி இறுகிக் கிடக்கும். சாதாரண ஷூ வழுக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஜூலை இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சரியான காலம். செவ்வாய் முதல் வியாழன் வரை பூங்காவுக்குள் இருக்கும்படி அமையுங்கள். ஜூலை 4 ஒட்டிய வாரத்தைத் தொடவே வேண்டாம்.

2. நேர அனுமதி: முதல் வேலை இதுதான்

மே கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை காருக்கு ஒரு நேர அனுமதி வேண்டும். ஆங்கிலத்தில் 'டைம்டு என்ட்ரி' என்பார்கள். இரண்டு வகை உண்டு.

முதல் வகை, பேர் லேக் என்ற ஏரிக்குப் போகும் சாலையையும் சேர்த்தது. காலை 5 முதல் மாலை 6 வரை அந்தச் சாலைக்குள் நுழைய இது கட்டாயம். இதை வைத்திருந்தால் பூங்காவின் மற்ற பகுதிகளுக்கும் போகலாம். இரண்டாம் வகை, பேர் லேக் தவிர்த்த மற்ற பகுதிகளுக்கு. இது காலை 9 முதல் மதியம் 2 வரைதான் தேவை. அதாவது 9 மணிக்கு முன்போ, 2 மணிக்குப் பின்போ நுழைந்தால் பேர் லேக் தவிர எங்கும் அனுமதி இல்லாமலே போகலாம். இந்த ஒரு விதியைச் சரியாகப் பயன்படுத்தினால் மொத்தப் பயணத்துக்கும் முதல் வகையில் ஒரே ஒரு அனுமதி போதும். கீழே சொல்லியிருக்கும் நாள் வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

பதிவு செய்ய ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) என்ற அரசுத் தளம் ஒன்றுதான் வழி. கட்டணம் 2 டாலர், திரும்பக் கிடைக்காது. இதற்குமேல் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலைக்கான அனுமதிகள் ஜூன் 1 அன்றும், ஆகஸ்டுக்கானவை ஜூலை 1 அன்றும் காலை 8 மணிக்குத் திறக்கும். இந்த 8 மணி மலைப்பகுதி நேரம். நியூ ஜெர்சியில் இருந்தால் உங்களுக்குக் காலை 10, டெக்சஸில் 9, கலிஃபோர்னியாவில் 7. தங்கள் ஊர் 8 மணியை நம்பி நியூ ஜெர்சிக்காரர்கள் இரண்டு மணி நேரம் வீணாகக் காத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள் உட்காரும்போது நல்ல நேரங்கள் போய்விட்டிருக்கும்.

முந்தைய நாளே இருவரும் தனித்தனியே கணக்குத் தொடங்கி, கார்டு விவரத்தைச் சேமித்து வையுங்கள். ஒருவர் காலை 5–7, மற்றவர் 7–9 என்று பிரித்துக்கொண்டு முயலுங்கள். ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவர் விட்டுவிடலாம். அனுமதி காருக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று அல்ல. யார் பெயரில் பதிந்ததோ அவர் காரில் இருக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டையும் வேண்டும்.

தவறவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஒதுக்கி வைத்த மிச்ச அனுமதிகளை முந்தின நாள் மாலை 7 மணிக்கு (அதே மலைப்பகுதி நேரம்) விடுவார்கள். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால் 6.55க்கே உள்ளே நுழைந்து தயாராக இருங்கள்.

அனுமதியில் உள்ள இரண்டு மணி நேரம் நுழைவதற்கு மட்டும். உள்ளே போனபின் எவ்வளவு நேரமும் இருக்கலாம். ஆனால் 7–9 அனுமதியோடு 6.40க்குப் போய் நின்றால் ஓரமாக நிற்கச் சொல்வார்கள், 9.10க்குப் போனால் விடமாட்டார்கள். அனுமதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வையுங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது.

3. நுழைவுக் கட்டணம்

இது தனி. காருக்கு ஒரு நாள் 30 டாலர், ஏழு நாள் 35 டாலர். ஒரு நாள் சீட்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை. அந்த ஆண்டில் இன்னும் இரண்டு பெரிய பூங்காக்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டுச் சீட்டு லாபம்: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர்.

2026 ஜனவரி முதல் ஒரு மாற்றம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் 16 வயது நிரம்பியவர்கள் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டிய 11 பூங்காக்களில் இதுவும் ஒன்று. அவர்களுக்கு ஆண்டுச் சீட்டு 250 டாலர். அதனால் இங்கே வசிப்பவர்கள் மாநில ஓட்டுநர் உரிமம் போன்ற அமெரிக்க அரசு அடையாள அட்டையை எடுத்துவர மறக்காதீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து உடன் வருவதாக இருந்தால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. கார்டு மட்டும்.

4. தாள்களும் வாடகைக் காரும்

கார் எடுக்க ஓட்டுநர் உரிமமும், ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் வேண்டும். டெபிட் கார்டு என்றால் பல நிறுவனங்கள் பெரிய தொகையை முடக்கிவைக்கும், சில இடங்களில் காரே தரமாட்டார்கள். இந்திய உரிமத்தோடு ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து எடுத்து வாருங்கள். அதை ஊரில்தான் வாங்க முடியும், இங்கே வந்தபின் கிடைக்காது. 25 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் உண்டு.

இருவருக்கும் உரிமம் இருந்தால் இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கணவனுக்கோ மனைவிக்கோ பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அவரும் உரிமத்தோடு கவுண்டரில் நிற்க வேண்டும். பெயர் சேர்க்காதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு எதுவும் உதவாது. மலையில் ஒருவருக்குத் தலைசுற்றினால் மற்றவர் ஓட்டியாக வேண்டும் என்பதால் இதை விருப்பம் என்று நினைக்காதீர்கள். துணைவருக்கு இன்னும் லேர்னர் பெர்மிட்தான் என்றால் அவரை இந்தச் சாலையில் ஓட்டவைக்க வேண்டாம்.

கிரெடிட் கார்டு தரும் கார் காப்பீடு, வாடகைக் காருக்கு ஆகும் சேதத்துக்குத்தான். அடுத்தவர் காருக்கோ உடலுக்கோ ஆகும் இழப்பை அது ஏற்காது. உங்களுக்குச் சொந்தக் கார் காப்பீடு இல்லையென்றால் கவுண்டரில் கிடைக்கும் பொறுப்புக் காப்பீட்டை எடுங்கள்.

விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப் பிரதியையும் கையோடு வைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவருக்கு அது சட்டம். இன்னொன்று: கொலராடோவில் கஞ்சா கடைகளில் சட்டப்படி விற்கிறது. ஆனால் தேசியப் பூங்கா மத்திய அரசின் நிலம், அங்கே அது குற்றம். விசாவுக்கே ஆபத்து.

நான்கு சக்கர இழுவை கோடையில் தேவையில்லை. சாதாரண சிறிய கார் போதும்.

5. தங்கும் இடம்

பூங்காவுக்குள் விடுதி கிடையாது. கூடார முகாம்கள் மட்டுமே உண்டு. அவை ஆறு மாதத்துக்கு முன்பே திறந்து உடனே நிரம்பிவிடும். கிழக்கே எஸ்டெஸ் பார்க், மேற்கே கிராண்ட் லேக், இரண்டும்தான் ஊர்கள்.

முதல் இரவை மலைமேல் போடாதீர்கள். டென்வருக்கும் எஸ்டெஸ் பார்க்குக்கும் நடுவே சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் லாங்மான்ட்டில் தங்குங்கள். அறை வாடகையும் குறைவு, உடம்பும் பழகும். அடுத்த இரண்டு இரவு எஸ்டெஸ் பார்க் (7,500 அடி), கடைசி இரவு கிராண்ட் லேக். கோடை அறைகளை நான்கு மாதம் முன்பே, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதியுங்கள். நேர அனுமதி பிறகுதான் கிடைக்கும், அதற்கேற்பத் தேதியை நகர்த்த வேண்டிவரலாம்.

6. விமான நிலையத்திலிருந்து

போன் காட்டும் வேகமான வழி பெரும்பாலும் ஈ-470 என்ற டோல் சாலையாக இருக்கும். அங்கே பணம் கட்டும் சாவடியே இல்லை. நம்பர் பிளேட்டைப் படமெடுத்து வாடகை நிறுவனத்துக்கு பில் அனுப்புவார்கள். நிறுவனம் அதன்மேல் தன் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கும். வரைபடத்தில் 'டோல் தவிர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐ-70, ஐ-270, யு.எஸ். 36 வழியாகப் போங்கள். போல்டர் வரை இடப்பக்கம் வரும் எக்ஸ்பிரஸ் லேனுக்கும் கட்டணம் உண்டு, அதில் ஏறாதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து எஸ்டெஸ் பார்க் சுமார் 75 மைல். கொலராடோவில் சாதாரண பெட்ரோல் 85 ஆக்டேன். பெரும்பாலான கார்களின் கையேடு 87 கேட்கும். பம்ப்பில் நடுவில் இருக்கும் பொத்தான்தான் பொதுவாக 87. மொத்தப் பயணமும் முன்னூறு மைலை ஒட்டி வரும். பத்துப் பன்னிரண்டு கேலன் போதும். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, எஸ்டெஸ் பார்க்கில் நிரப்பிவிட்டு ஏறுங்கள்.

7. உயரம்

தொட்டபெட்டாவின் உச்சி 8,650 அடி. இங்கே நீங்கள் காரில் போகும் சாலையே 12,183 அடி வரை ஏறுகிறது. ஊட்டியில் ஒன்றும் ஆகவில்லை என்பது இங்கே செல்லாது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை ஆகியவை முதல் அறிகுறிகள். இதற்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை. தினமும் ஓடுகிறவருக்கு வந்து, ஓடாதவருக்கு வராமலும் போகும். தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு லிட்டர் கூடுதலாகக் குடியுங்கள், முதல் இரண்டு நாள் மது வேண்டாம். தடுப்பு மாத்திரை உண்டு, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிகுறி கூடிக்கொண்டே போனால் மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. நடை தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ 911. சிக்னல் இல்லையென்றால் அருகிலுள்ள ரேஞ்சரிடம் போங்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், மேலே போய்ப் பார்த்துட்டு இறங்கலாம்' என்ற பேச்சுக்கு இருவரில் எவரும் இடம் கொடுக்கக் கூடாது.

8. நாள் வரிசை

முதல் நாள்: விமானம், கார், மளிகை, லாங்மான்ட்டில் தூக்கம்.

இரண்டாம் நாள்: மெதுவாக எஸ்டெஸ் பார்க் ஏறுங்கள். மதியம் 2 மணிக்குப் பிறகு ஃபால் ரிவர் வாசல் வழியாக அனுமதி இல்லாமல் நுழைந்து, ஏழு நாள் சீட்டை அங்கேயே வாங்குங்கள். ஷீப் லேக்ஸ் பக்கம் எல்க் மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மலையேற்றம் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் நாள்: பேர் லேக். உங்கள் அனுமதி இந்த நாளுக்குத்தான். 5–7 கிடைத்திருந்தால் ஆறு மணிக்குள் ஏரிக்கரை வண்டி நிறுத்தத்தில் இருங்கள். தாமதமானால் அது நிரம்பிவிடும். அப்போது சாலையோரம் நிறுத்தாமல் பார்க் அண்ட் ரைடு நிறுத்தத்தில் விட்டுவிட்டு இலவசப் பேருந்தில் ஏறுங்கள். பேர் லேக்கிலிருந்து நிம்ஃப் ஏரி அரை மைல், ட்ரீம் ஏரி 1.1 மைல், எமரல்டு ஏரி 1.8 மைல். போகவர மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் சுமார் 650 அடிதான், ஆனால் தொடங்கும் இடமே 9,475 அடி. ட்ரீம் ஏரியோடு திரும்பினாலும் குறையில்லை, அழகில் அதுதான் முதல். மூச்சு வாங்குகிறவருக்கு ஸ்பிரேக் ஏரியைச் சுற்றிய சமதளப் பாதை போதும், முக்கால் மைல்தான்.

நான்காம் நாள்: அறையைக் காலி செய்துவிட்டு, 9 மணிக்கு முன்பே வாசலைத் தாண்டுங்கள். எட்டரைக்கு வரிசையில் நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள். வரிசை நீண்டால் ஒன்பது அடித்துவிடும். ஏழரை பாதுகாப்பு. ட்ரெயில் ரிட்ஜ் ரோடில் ஏறி கிராண்ட் லேக்கில் இறங்குங்கள்.

ஐந்தாம் நாள்: விடிகாலையில் மேற்கு வாசல் வழியே கவுனீச்சி பள்ளத்தாக்கில் மூஸ் என்ற பெரிய மானைப் பார்த்துவிட்டு, கிரான்பி, பெர்தூட் பாஸ், ஐ-70 வழியே டென்வர். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ஐ-70 கிழக்கு நோக்கி நகரவே நகராது. அந்த நாளில் திரும்பும்படி விமானம் பதியாதீர்கள்.

9. ட்ரெயில் ரிட்ஜ் ரோடில் ஓட்டுவது

எஸ்டெஸ் பார்க் முதல் கிராண்ட் லேக் வரை 48 மைல். நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம், நின்று பார்த்தால் அரை நாள். அதில் 11 மைல் மரமே வளராத உயரத்தில் போகிறது. பல இடங்களில் ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லை. சாலை அகலமானது, சரிவு 7 சதவீதத்துக்கு மேல் போகாது, கொல்லி மலை வளைவுகளை ஓட்டியவருக்குப் பயமில்லை. உயரம் பார்த்தால் கைகால் நடுங்கும் ஒருவர் ஸ்டியரிங் பிடித்திருந்தால்தான் ஆபத்து. அவர் அன்று பக்கத்து இருக்கையில் உட்காரட்டும்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் 'எல்' அல்லது குறைந்த கியருக்கு மாற்ற முடியும். அதை வாடகை நிலையத்திலேயே கண்டுபிடித்து வையுங்கள். எரிந்த நாற்றம் வந்தால் அடுத்த நிறுத்தத்தில் ஒதுக்கி, பிரேக் ஆறும்வரை கால் மணி நேரம் நில்லுங்கள். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். காட்சிக்காகச் சாலை நடுவில் நிறுத்தவே கூடாது.

வழியில் ராக் கட் என்ற இடத்தில் அரை மைல் நடைபாதை உண்டு. அங்கும் மற்ற உயரமான இடங்களிலும் பாதையை விட்டுப் புல்மேல் கால் வைக்காதீர்கள். ஒரு விரல் உயரச் செடி அங்கே வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆல்பைன் விசிட்டர் சென்டரில் கழிப்பறையும் சிற்றுண்டிக் கடையும் இருக்கின்றன, பூங்காவுக்குள் சாப்பாட்டுக்கு வேறு இடம் இல்லை. அதன்பின் 10,758 அடியில் மில்னர் பாஸ். ஜூலை, ஆகஸ்டில் மதியம் ஆனால் இடி மின்னல் வரும். மரம் இல்லாத அந்த வெளியில் நீங்கள்தான் உயரமான பொருள். பன்னிரண்டு மணிக்குள் அங்கிருந்து இறங்கிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பாறை இடுக்கில் ஒதுங்காமல் காருக்குள் போய் உட்காருங்கள்.

ஓல்டு ஃபால் ரிவர் ரோடு என்று ஒரு மண் சாலையும் மேலே ஏறுகிறது. வழக்கமாக ஜூலைத் தொடக்கத்தில் திறக்கும், ஒருவழிப் பாதை, ஏறினால் நடுவில் திரும்ப முடியாது. அழகான சாலைதான். ஆனால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மண் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. அங்கே டயர் கிழிந்தாலும் முழுச் செலவு உங்கள் தலையில். வாடகைக் காரில் போகிறவர்கள் விட்டுவிடுங்கள்.

10. சாப்பாடும் உடையும்

டென்வர் புறநகரில் இந்திய மளிகைக் கடைகள் உண்டு, முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டெஸ் பார்க் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும், பருப்பு லேசில் வேகாது. சமையலறை உள்ள கேபின் எடுத்தால் சின்ன பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் புளியோதரையும் சப்பாத்தியும் ஒரு நாள் தாங்கும். குளிர்பெட்டியும் ஐஸும் பதினைந்து டாலருக்குள் முடியும். ஓடை நீர் கண்ணாடிபோல் இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

உடை அடுக்கடுக்காக வேண்டும். எஸ்டெஸ் பார்க்கில் அரைக்கை சட்டை போதும் என்றிருக்கும் அதே நேரம் மேலே காற்றில் ஸ்வெட்டர், மழைக் கோட்டு, காது மூடும் குல்லா மூன்றும் தேவைப்படும். பருத்தி நனைந்தால் காயாது. வெயில் சுள்ளென்று சுடும். நம் தோலுக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும்.

11. விலங்குகள்

எல்க், மலைச் செம்மறி ஆடு ஆகியவற்றிடமிருந்து 75 அடி, மூஸ், கரடி என்றால் 120 அடி தள்ளி நில்லுங்கள். மூஸ் சாதுவாகத் தெரியும். இந்தப் பூங்காவில் அஞ்ச வேண்டியது அதற்குத்தான், குட்டியோடு இருந்தால் இன்னும் அதிகம். காதைப் பின்னால் மடித்தால் பாயப் போகிறது என்று பொருள், உடனே மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள். அணிலுக்கு முறுக்கு போடுவதும் அபராதத்துக்குரியது. காருக்குள் சாப்பாட்டு மூட்டை, வாசனைப் பொருள் எதையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை.

12. கார் திருப்பித் தரும் முன்

விமான நிலையத்துக்குள் நுழையும் முன்பே பெட்ரோல் நிரப்பி, ரசீதைப் படமெடுங்கள். காரின் நான்கு பக்கம், முன் கண்ணாடி, மைல் கணக்கு மூன்றையும் போனில் பதிவு செய்யுங்கள். மலைச் சாலைச் சரளைக்கல் தெறித்த கீறலைக் காட்டிப் பிறகு பில் வந்தால் அதுதான் சாட்சி. டோல் பில் சில வாரம் கழித்துக்கூட கார்டில் ஏறும். அதுவரை அந்தக் கார்டை மூடாமல் வைத்திருங்கள்.